தமிழ்நாட்டுப் பெண்கள் இயக்கங்களின் நிதி ஆதாரம்

தமிழ்நாட்டில் பெண்களின் உரிமைக்காகவும் முன்னேற்றத்துக்காகவும் செயற்படும் அமைப்புகள் தமது பணிகளுக்கு வேண்டிய பணத்தை நான்கு வழிகளில் திரட்டி வந்துள்ளன. உறுப்பினர் சந்தா, வங்கிக் கடனுடன் கூடிய கூட்டுறவுப் பங்கு, அரசு நிதி, வெளிநாட்டு நன்கொடை என்பன அவ்வழிகளாகும். ஓர் இயக்கம் எவ்வளவு காலம், எந்தப் பணியைச் செய்ய முடியும் என்பதை அதன் பணம் வரும் வழி பெரிதும் தீர்மானித்துள்ளது. சந்தாவைச் சார்ந்திருந்த அமைப்புகள் வாக்குரிமை, நீதிமன்ற வழக்கு போன்ற நெடுங்காலப் போராட்டங்களில் ஈடுபட்டன. அரசு நிதியும் வங்கிக் கடனும் சேமிப்பையும் தொழிலையும் ஊர்தோறும் கொண்டு சென்றன.

உறுப்பினர் சந்தா

1917 மே 8 அன்று சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இதன் தொடக்கத்தில் முதன்மைப் பங்காற்றினர். உறுப்பினர் சந்தாவும் ஆதரவாளர் நன்கொடையும் கொண்டு இச்சங்கம் நடந்தது. இதன் இதழான ஸ்திரீ தர்மம் 1918 முதல் வெளிவந்தது. சங்கம் தொடங்கிய அதே ஆண்டின் இறுதியில் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கோரியது. 1921 இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. எனினும் சொத்துத் தகுதி உடையோருக்கே அவ்வுரிமை கிடைத்தது. கல்வியும் வசதியும் பெற்ற குடும்பத்துப் பெண்களே சங்கத்தில் பெரும்பாலும் இருந்தமையால், கூலி உழைப்பாளிகளின் தேவைகள் இதில் குறைவாகவே இடம்பெற்றன.

சந்தா முறையை உழைக்கும் பெண்களிடம் கொண்டு சென்றவற்றுள் ஜனநாயக மாதர் சங்கம் குறிப்பிடத்தக்கது. கே. பி. ஜானகியம்மாள், திருச்சி பொன்மலைத் தொழிலாளர் போராட்டங்களில் வளர்ந்த பாப்பா உமாநாத் ஆகியோர் 1970களில் தமிழ்நாட்டில் இதனைக் கட்டியெழுப்பினர். 1981 மார்ச்சில் சென்னையில் கூடிய மாநாட்டில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானது. மார்க்சியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு நெருக்கமான இவ்வமைப்பு, உறுப்பினர் சந்தாவையும் மக்களிடம் திரட்டும் பணத்தையும் அடிப்படையாகக் கொண்டது.

வாச்சாத்தி வழக்கு

பெண்களுக்கான நீதிப் போராட்டம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு வாச்சாத்தி வழக்கு எடுத்துக்காட்டாகும். 1992 சூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊரில், சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் இதனை வெளிக்கொணர்ந்தது. மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் உள்ளிட்டோர் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணை நின்றனர்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிகழ்வுக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையில் 31 ஆண்டுகள் கடந்திருந்தன. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கென வழங்கப்படும் திட்ட நிதியைக் கொண்டு மட்டும் இத்தகைய வழக்கை இறுதிவரை நடத்துதல் அரிதாகும்.

வங்கிக் கடனும் கூட்டுறவும்

1972 இல் இந்திய அரசு, ஏழைகளுக்கு 4 விழுக்காட்டு வட்டியில் வங்கிகள் கடன் வழங்கும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஈடு வைக்க ஏதுமற்ற பெண்கள் வங்கியை அணுக இயலாத நிலையே தொடர்ந்தது. 1978 இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, மீன், பூ, இட்லி விற்கும் பெண்களை அக்கம்பக்கத்தார் கொண்ட சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பேற்கும் முறையில் வங்கிக் கடன் பெற வழிசெய்தது இவ்வமைப்பு. இதனால் கந்து வட்டியைச் சார்ந்திருக்கும் நிலை குறைந்தது.

வங்கிகளையே நம்பியிருப்பதில் உள்ள தாமதத்தைத் தவிர்க்க 1981 இல் உறுப்பினர்களே பங்குதாரராகும் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைக்கப்பட்டது. அமைப்பு பின்னர் பீடித் தொழிலாளர், நெசவாளர், மீனவப் பெண்கள் ஆகியோரிடமும் பரவியது. வரதட்சணைக்கு எதிராகவும் குரல் கொடுத்தது. ஜெயா அருணாசலம் 1987 இல் பத்மசிறீ விருது பெற்றார். 2019 இல் காலமானார்.

அரசு நிதி

1983 இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நிறுவப்பட்டது. 1989 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1992 இல் நபார்டு வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை 500 குழுக்கள் என்னும் இலக்குடன் நாட்டளவில் தொடங்கியது. 1997-98 இல் தமிழ்நாடு அரசு மகளிர் திட்டத்தைத் தொடங்கிப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. குழு அமைத்தல், பயிற்சி அளித்தல் ஆகிய பணிகளுக்குத் தொண்டு நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன. 2011 இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் நடுவண் அரசால் தொடங்கப்பட்டது.

வேப்பந்தட்டைப் பகுதியில் அமைப்பு முறை

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் நான்கு ஊராட்சி ஒன்றியங்களுள் வேப்பந்தட்டையும் ஒன்று. ஏனையவை பெரம்பலூர், வேப்பூர், ஆலத்தூர் என்பன. பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாகப் பயிராகும் இம்மானாவாரிப் பகுதியில், களை எடுத்தல், பருத்தி எடுத்தல் போன்ற வேலைகளைப் பெண்களே பெரும்பாலும் செய்கின்றனர். மழை பொய்த்தால் கூலியும் இல்லாமற் போவதால், கைமாற்றாகக் கிடைக்கும் சிறு தொகையும் முக்கியமானதாகிறது.

மாநிலத்தின் பிற ஒன்றியங்களைப் போன்றே இங்கும் நிதி கீழ்க்காணும் படிநிலைகளில் இயங்குகிறது:

* குழு: பொதுவாக 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமிக்கின்றனர். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் பேணுகின்றனர்.
* உள்கடன்: சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கடன் தரப்படுகிறது. அதன் வட்டி குழுவுக்கே சேர்கிறது.
* வங்கிக் கடன்: கூட்டம், சேமிப்பு, கடன் திருப்பம் ஆகியவற்றைக் கொண்டு குழு தரம் பிரிக்கப்பட்ட பின் வங்கி கடன் வழங்குகிறது.
* கூட்டமைப்பு: ஒரு ஊராட்சியின் குழுக்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பாக இணைகின்றன. அதற்கு மேல் வட்டார அளவிலான அமைப்பு உள்ளது.

இவற்றுள் உறுப்பினரின் சேமிப்பு மட்டுமே முழுவதும் அவர்களுடைய பணம் ஆகும். கடன் திருப்பித் தரவேண்டியது; அரசு நிதி குறித்த பயனுக்கே உரியது. குடும்ப வன்முறைக்கு ஆளான ஒருவரின் வழக்குச் செலவு, குறைந்த கூலியை எதிர்த்த முறையீடு போன்றவை கடன் திட்டத்தில் அடங்குவதில்லை. எனினும் வாரந்தோறும் கூடும் வழக்கம், வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் தாமே செல்லும் பழக்கம், கிராம சபையில் பேசும் துணிவு ஆகியன பணத்தால் அளவிட முடியாத பயன்களாகக் கருதப்படுகின்றன.

வெளிநாட்டு நன்கொடை

உலக அளவில் பெண்கள் இயக்கங்களுக்கெனத் தனி நிதியங்கள் 1970களுக்குப் பின் தோன்றின. ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கான நிதியம் 1976 இல் தொடங்கி 2010 இல் ஐ. நா. பெண்கள் அமைப்புடன் இணைந்தது. நெதர்லாந்தில் மாமா கேஷ் 1983 இலும், அமெரிக்காவில் பெண்களுக்கான உலக நிதியம் 1987 இலும் நிறுவப்பட்டன. எனினும் தேவையுடன் ஒப்பிடுகையில் இப்பணம் மிகச் சிறிதாகும். பெண்கள் அமைப்புகளிடம் பன்னாட்டு அளவில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, 740க்கும் மேற்பட்ட அமைப்புகளின் 2010 ஆம் ஆண்டு வருமானத்தின் இடைநிலை அளவு ஏறத்தாழ 20,000 அமெரிக்க டாலர் மட்டுமே. வாடகை, ஊதியம் போன்ற அடிப்படைச் செலவுக்கான நிதியை அவற்றுள் ஏறத்தாழப் பாதி ஒருபோதும் பெற்றதில்லை. 2025 இல் அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை மூடப்பட்டது, பிற நாட்டு அரசொன்றின் பணத்தைச் சார்ந்திருப்பதன் இடரைக் காட்டியது.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் சட்டம் முதலில் 1976 இல் இயற்றப்பட்டது. 2010 இல் புதிய சட்டம் வந்தது. 2020 திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிருவாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பணம் வரும் வழி வெளிப்படையாக இருக்க இது தேவை என்பது அரசின் நிலைப்பாடு. நகரத்து அமைப்புகள் வழியாக நிதி பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு அவ்வழி அடைபட்டது என்பது தொண்டு நிறுவனங்களின் முறையீடு.

கருத்து வேறுபாடுகள்

வெளியிலிருந்து வரும் நிதி, இயக்கத்தை நிதி தருபவருக்குக் கணக்கு ஒப்பிக்கும் அலுவலகமாக மாற்றிவிடுகிறது என ஒரு சாரார் கருதுகின்றனர். அன்றாடக் கூலியில் வாழும் பெண்களிடம் சந்தா மட்டும் திரட்டி முழுநேரப் பணியாளர், வழக்கறிஞர், தங்குமிடம் ஆகியவற்றைத் தாங்க இயலாது என்பது மறுசாராரின் வாதம். நிபந்தனை குறைந்த, பல ஆண்டுகள் நீடிக்கும் நிதியே தேவை என்பதில் இருசாராரும் பெரும்பாலும் உடன்படுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* பெண்ணியம்
* மகளிர் சுய உதவிக் குழு
* முத்துலட்சுமி ரெட்டி
* வாச்சாத்தி
* பெரம்பலூர் மாவட்டம்