பூட்டு முதல் விமானம் வரை - கைத்திறனுக்கும் ஒரு ஒலிம்பிக்ஸ்!

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டும் பிரியாணியும்தான். நாகல் நகர் பக்கம் போனால் இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, லீவர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி மாங்காய்ப் பூட்டு செய்யும் கைகளைப் பார்க்கலாம். அவர்களுக்குப் பட்டறைதான் பள்ளிக்கூடம்.

இப்படிப்பட்ட கைத்திறனுக்கு உலக அளவில் ஒரு போட்டி இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்பெயின் நாட்டில் திறமையான தொழிலாளர்களுக்குப் பஞ்சம் வந்தபோது பிறந்த யோசனை அது. இளைஞர்களைத் தொழிற்கல்விக்கு இழுக்க என்ன வழி? போட்டி வைத்தார்கள்! 1950-ல் மாட்ரிட் நகரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மோதின. மொத்தமே 24 பேர். அதுதான் இன்றைய வேர்ல்டுஸ்கில்ஸ். 2024-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தபோது 59 தொழில்கள், சுமார் 1,400 போட்டியாளர்கள்!

அந்தத் தொழில்களில் ஒன்று விமானப் பராமரிப்பு. பெரும்பாலான தொழில்களுக்கு வயது வரம்பு 22. இதற்கு மட்டும் சில தொழில்களோடு சேர்த்து 25. தகடு வெட்டி ரிவெட் அடிப்பது, இன்ஜினுக்குள் குழாய் கேமராவை விட்டுப் பழுது தேடுவது, மின்கம்பி இணைப்பது எல்லாம் இதில் அடக்கம்.

விமானத்திலும் ஒரு 'பூட்டு' உண்டு தெரியுமா? அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். பெயரே லாக் வயர்! போல்ட்டை இறுக்கும் திசையில் கம்பி இழுக்க வேண்டும். திசை மாறினால் அவ்வளவும் வீண். பயணிகள் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அவர்கள் உயிர் அதை நம்பித்தான் பறக்கிறது.

இந்தியாவில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான அகில இந்தியத் திறன் போட்டி 1964-லேயே தொடங்கிவிட்டது. உலகப் போட்டிக்கு நாம் போனது 2007-ல்தான். முதல் தங்கம் 2019-ல், ரஷ்யாவின் கசான் நகரில். நீர்த் தொழில்நுட்பப் பிரிவில் அதை வென்றவர் அஸ்வத்த நாராயணா.

அதே 2019-ல்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொருளுக்குப் பெருமை வந்துவிட்டது. ஆனால் எந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிய, இந்தத் தொழிலுக்கு வர இளைஞர்கள் தயங்குகிறார்கள். ஐ.டி.ஐ. என்றால் 'மார்க் குறைந்தவன் போகிற இடம்' என்ற பேச்சும் ஓயவில்லை.

கிரிக்கெட் கோப்பை ஜெயித்தால் பட்டாசு வெடிக்கிறோம். கசான் தங்கத்துக்கு எத்தனை தெருவில் பட்டாசு வெடித்தது? பொருளைக் கொண்டாடத் தெரிந்த நாம், செய்த கையையும் கொண்டாடினால்தான் அடுத்த தலைமுறை அரத்தைக் கையில் எடுக்கும். யோசியுங்கள்!