போர் காணாத குதிரைகள்

1881ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஹேக் நகரில், ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் என்னும் கடலோவியர் 14 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 120 மீட்டர் சுற்றளவும் கொண்ட வட்டத் திரையில் ஸ்கெவெனிங்கன் கடற்கரையைத் தீட்டினார். கடலும் படகுகளும் அவர் கைக்கு உரியன. மணற்பரப்பில் பயிற்சி செய்யும் குதிரைப்படையை வரையும் பொறுப்போ 23 அகவை இளைஞர் ஒருவரிடம் வந்தது. அவரே ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் (1857–1923). அத்திரை இன்றும் அந்நகரில் காட்சிக்கு உள்ளது.

குதிரைப்படை என்றாலே களமும் குருதியும் வாகை சூடிய தளபதியும் வேண்டும் என்பது அக்கால ஐரோப்பிய வரலாற்று ஓவியத்தின் எழுதாச் சட்டம். ஆனால் பெல்ஜியத்தின் பிரிவை 1839இல் ஏற்றுக்கொண்ட நெதர்லாந்து, 1940 வரை தன் தாயகத்து மண்ணில் போரைக் காணவில்லை. அந்நாட்டுக் குதிரைகளுக்குக் கடற்கரையும் மணற்குன்றுமே களம். எதிரி இல்லாத இடத்தில் ஓவியன் எதை வரைவான்? 1882இல் தம் புரவலருக்கு எழுதிய மடலில் பிரைட்னர் இதற்கு விடை தந்தார். தாம் வரைய விழைவது வரலாறே. ஆயின் அதன் அகன்ற பொருளில் என்றார். சந்தையும் படகுத்துறையும், வெயிலிலோ பனியிலோ செல்லும் படைவீரர் கூட்டமுங்கூட அவருக்கு வரலாறாயின. பெயரற்றவர்களை வரலாற்றில் அமர்த்திய துணிவு இது. வான்கோவும் அவரும் அவ்வாண்டில் ஹேக் நகரின் ஏழையர் தெருக்களில் உடன் நடந்து வரைந்தனர் என்பதும் நினைக்கத்தக்கது.

1885–86இல் அவர் தீட்டிய குதிரைப் பீரங்கிப் படையின் ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1793இல் தோன்றிய அப்படையினரைச் சீருடையின் மஞ்சள் இழைகளால் மக்கள் 'மஞ்சள் குதிரைவீரர்' என்றழைத்தனர். மணலில் விரையும் அவர்களுள் எவர் முகமும் தனித்துத் துலங்கவில்லை. தூரிகையின் வேகமே குதிரையின் வேகமாகிறது. இவ்வீரர் எவரையும் வென்றவரல்லர். அதனாலேயே ஓவியம் பொய்யின்றி நிற்கிறது.

எனினும் அந்த அமைதி முழுமையானதன்று. சுமத்ராவின் வடமுனையில் அச்சே சுல்தானகத்தின்மீது இதே நாடு 1873இல் போர் தொடுத்திருந்தது. அங்கே போரிட்டது ஹேக் நகரத்துக் குதிரைப்படையன்று; ஜாவா முதலிய தீவுகளின் மக்களையும் சேர்த்துத் திரட்டிய தனிக் குடியேற்றப்படை. மணற்குன்றின்மேல் குதிரைகள் ஒத்திகை பார்த்த 1886இலும் அப்போர் ஓயவில்லை.