வாய்தா மட்டும் தெரிந்தவர்கள்



நாம் கூடியிருக்கும் யானைக்கவுனி என்பது ஒரு வாசலின் பெயர். கவுனி என்றால் மதில் வாசல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. அந்தச் செலவை ஊர்மக்கள் தலையில் வரியாகக் கட்ட நினைத்தது. வால்டாக்ஸ் சாலை என்று நாம் சொல்வது அந்த வரியின் பெயரைத்தான். மேற்கு மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுக்கு யானையின் பெயர். இன்னொன்றுக்குத் தோல் தொழில் செய்த மக்களின் சாதிப் பெயர். மதிலும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால் உள்ளே நடப்பதை வெளியே நிற்பவருக்குச் சொல்லாத பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற உயர்நீதிமன்ற வளாகத்தில் அதை அன்றாடம் பார்க்கலாம். தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையிடத்து விபத்தில் இறந்தார். பெரியம்மா இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். மாதம் ஒருமுறை வக்கீல் ஆபீசுக்குப் போவார். குமாஸ்தா தலை நிமிராமல், "வாய்தாம்மா, அடுத்த மாசம் வாங்க" என்பார். எட்டு ஆண்டுகள் போனார். ஒன்பதாம் ஆண்டில்தான் நாங்கள் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் ஆண்டிலேயே, யாரும் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியாகியிருந்தது. மீதி ஐந்து ஆண்டுகளும் பெரியம்மா இல்லாத வழக்குக்கு வாய்தா கேட்டுப் போய்வந்திருக்கிறார்.

இதை வக்கீல் ஒருவரின் கெட்ட குணம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. சட்டத்தின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். உரிமையியல் வழக்கில் வாதி வராமல் வழக்கு தள்ளுபடியானால், அதை மீண்டும் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போட 30 நாள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்கவும் 30 நாள். தீர்ப்பின் மேல் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள். செய்தி தெரியாதவருக்கும் இந்த நாட்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்குக் காரணம், அதற்கு நீதிமன்றத்தின் தயவு. ஆக, வழக்கின் செய்தியை மறைப்பது வழக்கையே பறிப்பதாகும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். அவருடைய வரலாற்றைப் பேசும்போது வட்டமேசை மாநாட்டைச் சொல்கிறோம், சட்டசபையைச் சொல்கிறோம். இந்த வேலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். கூண்டில் நிற்பவருக்குத் தன்னைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதை அவருடைய மொழியில் சொல்வது சிறிய வேலை அல்ல. இன்றும் அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழையும் அங்கே வழக்காடு மொழியாக்கக் கேட்டு 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னும் நடக்கவில்லை. ஆகவே உயர்நீதிமன்றத்தில் நம் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் மொழிபெயர்ப்பாளரும்தான். அவர் வாயைத் திறக்காவிட்டால், தீர்ப்பு கையில் இருந்தும் கட்சிக்காரருக்கு அது வெறும் காகிதம்.

இனி, நம் ஊரிலிருந்து உச்சநீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. சட்டக் கல்லூரிகளில் 'ரங்கதுரை எதிர் கோபாலன்' என்று படிப்பார்கள். காது கேளாத 70 வயது முதியவர் ஒருவரும், அவர் உறவினரான ஒரு பெண்மணியும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்தார்கள். வழக்குகள் நடக்கின்றன என்று அவர் சொன்னார். வாய்தா தேதிகளும் சொன்னார். பிறகு தீர்ப்பும் ஆகிவிட்டது என்றார். எல்லாம் பொய். அதை நம்பி அவர்கள், கடன் வாங்கியவருக்கு 1973 டிசம்பரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், இல்லாத தீர்ப்பின்படி பணத்தைக் கட்டச் சொல்லி.

தமிழ்நாடு வழக்கறிஞர் கழகம் அவரை 6 ஆண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய வழக்கறிஞர் கழகம் குற்றத்தை உறுதி செய்து, தண்டனையை ஓராண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தண்டனையின் வடிவத்தை மாற்றியது: தமிழ்நாடு சட்ட உதவி வாரியத்தின் கீழ் ஏழைகளுக்கு இலவசமாக வழக்காட வேண்டும். நீதிபதி ஏ.பி. சென் இதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

கிருஷ்ணய்யர் ஏழைகளின் பக்கம் நின்ற நீதிபதி, அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. குற்றவாளி திருந்த வேண்டும் என்று நினைத்தார். ஆனாலும் நம் இடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கட்சிக்காரரை ஏமாற்றியவருக்குத் தண்டனையாக ஏன் ஏழைகளிடம் அனுப்ப வேண்டும்? ஏழைக்கு வழக்காடுவது தொழிலின் கௌரவமா, தண்டனையா? நம் மக்களின் வழக்குகள் எந்த இடத்தில் வைத்துப் பார்க்கப்படுகின்றன என்பதை நல்ல நோக்கத்தோடு எழுதிய தீர்ப்பும் காட்டிக்கொடுக்கிறது.

சரி, விதி என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தொழில் ஒழுங்கீனத்துக்குத் தண்டனை தருகிறது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகளில் கட்சிக்காரருக்கான கடமைகள் தனியாகவே உள்ளன. எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பை மறைக்கக் கூடாது. தகுந்த முன்னறிவிப்பு இல்லாமல் வழக்கிலிருந்து விலகக் கூடாது. நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. கட்சிக்காரருக்காகப் பணம் வந்தால் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். பணத்துக்கு இவ்வளவு தெளிவு இருக்கிறது. வாய்தாத் தேதியை, தள்ளுபடியை, தீர்ப்பை இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று அதே தெளிவோடு ஒரு விதி இல்லை. அந்தக் கடமையைப் பொது நம்பிக்கையிலிருந்து நாமே வாதாடி எடுக்க வேண்டியிருக்கிறது.

1981இல் ரஃபீக் வழக்கில், வக்கீல் வராத குற்றத்துக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. கிராமத்து மனிதர் வக்கீலை அமர்த்திவிட்டால் நிம்மதியாகத்தான் இருப்பார், அது தவறில்லை என்றது. 1993இல் சலில் தத்தா வழக்கில், இது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல என்றும் சொன்னது. ஆக, கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

வன்கொடுமை வழக்குகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அங்கே வழக்கு நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் கட்சிக்காரர்கூட அல்ல, சாட்சி மட்டுமே. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்த வழக்கில் உயிர் பிழைத்தவர்களுக்குச் சட்டம் கொடுத்த இடம் சாட்சிக் கூண்டு மட்டும்தான்.

போராடித்தான் இது மாறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்த்து, 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் சரியாகவும் உரிய நேரத்திலும் அறியும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. தெரிவிக்க வேண்டிய கடமை சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் மாநில அரசுக்கும் உண்டு. 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில், பாதிக்கப்பட்ட தரப்புக்குத் தெரிவிக்காமல் கொடுத்த ஜாமீனை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. தெரிவிப்பது கட்டாயம், சடங்கு அல்ல என்றது. வழக்கறிஞர் கழக விதிகளில் தெளிவாக இல்லாத ஒன்றை, தலித் மக்களுக்கான சட்டம் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. இதை எல்லா வழக்குகளுக்கும் விரித்துக் கேட்பதுதான் நம் அடுத்த வேலை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அதைக் கேட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகும் வழக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். படித்த பிள்ளைகள் மாதம் ஒரு நாளாவது தெருவில் உட்கார்ந்து பெரியவர்களின் வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நாளை உங்கள் ஆபீஸ் வாசலிலும் ஒரு பெரியம்மா வந்து நிற்பார். தோற்ற வழக்கென்றாலும் தோற்றுவிட்டது என்று அவருக்குச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.