தேநீர்க் கிண்ணமும் தோட்டத்து மங்கும்

சக்கரத்தில் கையால் வனைந்த தேநீர்க் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். ஜார்ஜ் டவுனில் நாம் தேநீரை இழுத்து ஆற்றிக் கிளாசில் குடிக்கிறவர்கள். கிண்ணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஜப்பான் வரை ஒரு நடை போய் வருவோம்.

கியோத்தோவில் தைத்தோகுஜி என்ற பெரிய பௌத்த மடம். அதைச் சேர்ந்த கோஹோவான் என்ற சிறு கோயிலில் 'கிஸாயெமோன்' என்ற கிண்ணம் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காக்கப்படுகிறது. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஒசாகா வணிகரின் பெயர் அது. 1951இல் ஜப்பான் அரசு அதைத் தேசியச் செல்வமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், அது ஜப்பானியர் செய்ததே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் கொரியக் குயவர் ஒருவர் வனைந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஏழைகள் சோறு உண்ட கிண்ணம் என்றே யானகி சோயெட்சு என்ற கலை அறிஞர் எழுதினார்.

அதை எப்படிச் செய்திருப்பார்கள்? பெரிய மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அமர்த்தி, அதன் உச்சியைக் கட்டைவிரலால் குழித்து, சுவரை மேலே இழுத்து, நூலால் அறுத்து எடுப்பார்கள். மிச்ச உருண்டையில் அடுத்த கிண்ணம். நின்று அழகு பார்க்க நேரமில்லை. தேநீர்ச் சடங்கின் பெரியவர்கள் மயங்கியது அந்தக் கூச்சமில்லாத கைவேகத்தில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நிபோங் திபால் கலிடோனியா போன்ற செபராங் பிறைத் தோட்டங்கள், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பை விட்டு ரப்பருக்கு மாறின. பால் பிடிக்க முதலில் பல இடங்களில் தேங்காய்ச் சிரட்டை. பிறகு மண் மங்கு வந்தது. ஏறக்குறைய தேநீர்க் கிண்ண அளவுதான். உறைந்த பால் ஒட்டாமல் உரிய வேண்டும் என்பதற்காக உள்ளே மெருகு பூசியிருக்கும்.

செய்தவர்கள் சீனக் குயவர்கள். மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் 'டிராகன் சூளை'களில் விறகு போட்டுச் சுட்டார்கள். சிங்கப்பூரில் 1940இல் கட்டிய அப்படி ஒரு சூளை இன்றும் நிற்கிறது. அங்கும் மங்கு செய்தார்கள். ஆரம்பத்தில் கையால் வனைந்தார்கள், அப்புறம் அச்சும் இயந்திரமும் வந்தன. கடைசியில் பிளாஸ்டிக்.

சீனர் வனைந்த மங்கைத் தமிழர் கை தேய்த்தது. ஒருவர் நிரைக்கு நானூறு மரம் என்றால் நானூறு மங்கு. விடியும் முன் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கம்பியில் பொருத்த வேண்டும். பால் வடிந்த பிறகு மறுபடியும் நானூற்றையும் வழித்து வாளியில் ஊற்ற வேண்டும். நம் பாட்டிமார் அதிகம் தொட்ட பாத்திரம் சோற்றுப் பானையாக இருக்காது, மங்காகத்தான் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கோயிலுக்கும் பள்ளிக்கும் குரல் கொடுத்தோம், அதுவும் தேவைதான். மங்கை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் மண் மங்கு கண்ணில் பட்டால், பேரம் பேசும் முன் கவிழ்த்துப் பாருங்கள். மெருகு படாத அடியில் நூல் அறுத்த சுழி தெரிந்தால், அது இயந்திரம் வருவதற்கு முன் சக்கரத்தில் வனைந்தது.