தூங்கியே பிழைக்கும் வானொலி: சிக்கன புளூடூத்தின் வரலாறு

சிறு கருவிகளுக்கு இடையே கம்பியை ஒழிக்கும் முயற்சி முதலில் ஒளியைத்தான் நம்பியது. 1993-இல் அமைந்த ஐஆர்டிஏ கூட்டமைப்பு, அகச்சிவப்புக் கதிரால் தரவு அனுப்பும் முறையை வகுத்தது. மடிக்கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அதற்கென ஒரு சிறு கறுப்புச் சன்னல் இடம்பெற்றது. ஆனால் இரு கருவிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். நடுவே கை குறுக்கிட்டாலும் தொடர்பு அறுந்துவிடும். சட்டைப் பைக்குள் கிடக்கும் கைப்பேசிக்கு இது உதவவில்லை.

1994-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் வானொலி அலையின் பக்கம் திரும்பியது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மட்டிசன் என்ற பொறியாளர்கள் அதில் முதன்மையானவர்கள். 1998 மே மாதம் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து புளூடூத் கூட்டமைப்பை அறிவித்தன. மறு ஆண்டே முதல் தரவரையறை வெளிவந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. உரிமம் வாங்காமல் பயன்படுத்த அமெரிக்கா 1985-இல் திறந்துவிட்ட பட்டைகளில் அதுவும் ஒன்று. இந்தியா 2005 ஜனவரியில் வெளியிட்ட விதிகளால் இங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிம விலக்கு கிடைத்தது. உரிமம் வேண்டாத இடத்தில் கூட்டம் சேரும். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இருக்கின்றன. அதனால் புளூடூத் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். டார்பிடோவை எதிரி திசைமாற்றாமல் இருக்க, இதே தாவல் முறைக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் காப்புரிமை பெற்றிருந்தனர். லமார்தான் புளூடூத்தைக் கண்டுபிடித்தார் என்று உலவும் செய்தி மிகை. தாவல் யோசனை அவர்களுக்கு முன்பும் பிறரிடம் இருந்தது.

அன்றாடம் சார்ஜ் ஏற்றப்படும் கைப்பேசிக்கும் ஹெட்செட்டுக்கும் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. இதயத்துடிப்புப் பட்டைக்கோ வெப்பநிலை சென்சாருக்கோ போதவில்லை. அவற்றில் இருப்பது சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரி. 3 வோல்ட், ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. 15 மில்லி ஆம்பியர் இழுக்கும் வானொலியை விடாமல் ஓடவிட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. அலையின் வலுவைக் குறைத்தாலும் பெரிய பயன் இல்லை. பத்து மீட்டருக்குள் எட்டும் தொடர்பில் காற்றில் போகும் ஆற்றல் சொற்பம்; உள்ளிருக்கும் மின்சுற்று விழித்திருப்பதுதான் செலவு. அனுப்பவும் கேட்கவும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் பிடிக்கும். எனவே மிச்சம் பிடிக்க உண்மையான வழி, வானொலியைப் பெரும்பாலான நேரம் அணைத்து வைப்பதே.

2001-இல் நோக்கியாவின் ஆய்வாளர்கள் இந்த வழியில் இறங்கினர். அவர்களின் வடிவமைப்பு 2006 அக்டோபரில் வைப்ரீ என்ற பெயரில் வெளியானது. மறு ஆண்டு ஜூனில், தனித் தரமாக நிற்காமல் புளூடூத்தோடு சேர்வது என முடிவாயிற்று. 2010-இல் வந்த புளூடூத் 4.0-வில் அது சிக்கன ஆற்றல் பிரிவாக இடம்பிடித்தது.

பெயர் ஒன்றானாலும் உள்ளே இது வேறு வானொலி. 79 தடங்களுக்குப் பதில் 2 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 40 தடங்கள். அவற்றில் மூன்று மட்டும் அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்டன: 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். வைஃபை வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் 1, 6, 11 ஆம் அலைவரிசைகளின் இடைவெளி பார்த்து இவை வைக்கப்பட்டன. பழைய புளூடூத்தில் ஒரு கருவி மற்றொன்றைக் கண்டுபிடிக்க 32 அதிர்வெண்களில் தேட வேண்டும்; பத்து விநாடி ஆவதும் உண்டு. புதியதில் சென்சார் விழித்து, மூன்று தடங்களிலும் தன்னை அறிவித்து, பதில் வருகிறதா என்று நொடிப்பொழுது கேட்டுவிட்டு உறங்கிவிடும். 4.0 அனுமதித்த மிக நீண்ட அறிவிப்பும் 376 மைக்ரோ விநாடிதான். இடைவிடாமல் தேடிக் கேட்கும் வேலை கைப்பேசியின் தலையில் விழுகிறது. பெரிய பேட்டரி வைத்திருப்பவரே பெரும்பாட்டைச் சுமக்கட்டும் என்ற இந்த ஓரவஞ்சனைதான் வடிவமைப்பின் உயிர். இணைந்த பிறகும் அப்படியே: இரு தரப்பும் எப்போது சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளி 7.5 மில்லி விநாடி முதல் 4 விநாடி வரை இருக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் சென்சார் பல சந்திப்புகளைத் தவிர்க்கவும் அனுமதி உண்டு.

மின் சிக்கனத்தில் அதற்குப் போட்டியாளர் இல்லாமல் இல்லை. கனடாவில் உருவான ஆன்ட், ஐஇஇஇ 802.15.4 தரத்தின் மேல் எழுந்த ஜிக்பீ இரண்டும் முன்பே களத்தில் இருந்தன. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. சிக்கன புளூடூத்தோ, ஏற்கெனவே இருந்த புளூடூத் சிப்பையும் ஆன்டெனாவையும் பகிர்ந்துகொண்டு உள்ளே நுழைந்தது. 2011-இல் ஐபோன் 4எஸ், 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3 என்று அடுத்தடுத்து வாசல் திறந்தது. போட்டியைத் தீர்மானித்தது பொறியியல் மேன்மையைவிட இந்த இடவசதிதான்.

2016 டிசம்பரில் வந்த புளூடூத் 5, வேகத்தைக் குறைத்துத் தொலைவை நான்கு மடங்காக்கும் வழியைத் தந்தது. 2020-இல் கொரோனா தொற்றின்போது அருகில் இருந்தவர்களைக் கண்டறிய ஆரோக்கிய சேது உள்ளிட்ட செயலிகள் புளூடூத்தை நாடின. தொலைவு அளக்க அது சரியான கோல் அல்ல. மனித உடலே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுவதால், பின்பையில் இருக்கும் கைப்பேசி உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும்.

பழைய புளூடூத்திடம் எஞ்சியிருந்த கோட்டை ஒலி. 2020 ஜனவரியில் எல்சி3 என்ற ஒலிச்சுருக்க முறையோடு அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ, செவித்துணைக் கருவிகளுக்கும் இசைக்கும் அந்த வேலையைச் சிக்கன வானொலியே செய்ய வழிவகுத்தது.