புலிமான்கோம்பை நடுகற்களும் மறுவாசிப்புக்கான உரிமையும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைப் படுகையில் உள்ளது புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழு அங்கே தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. அக்கண்டுபிடிப்பு பெற்ற கவனம் தகுதியானதே. ஆனால் அதைப் பேசும்போது இரு கூற்றுகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. எப்போது எழுதப்பட்டது என்பது வேறொன்று. முன்னதைப் பிறர் சரிபார்க்க முடியும். பின்னதற்கு அந்த வழி இன்னும் போதுமான அளவு திறக்கவில்லை.

கல்வெட்டியலில் சரிபார்ப்பு மைப்படியில் தொடங்குகிறது. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, பிறகு மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும். அதில் எது உளி வெட்டிய கோடு, எது மழை அரித்த கீறல் என்பதில்தான் ஓர் எழுத்தின் வாசிப்பே மாறிவிடும். ஆகவே பாடத்தோடு படியும் வெளிவர வேண்டும். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் பெரும்பாலானவை பாடத்தை மட்டுமே அச்சிட்டன. ஐயம் எழுந்தால் மூலப்படிகள் இருந்த மைசூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதை நான் ஓர் ஆய்வுநெறித் தீர்ப்பாகவே படிக்கிறேன்.

காலக்கணிப்புக்கு வருவோம். இந்நடுகற்களுக்குக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர், கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். இருவருக்கும் ஆதாரம் எழுத்தமைதியே. எந்த எழுத்தின் எந்த வடிவத்தை எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற அட்டவணை இல்லாமல் இந்த வேறுபாட்டைத் தீர்க்க இயலாது.

தமிழி எழுத்தோடு சேர்ந்து கிடைக்கும் பொருள்களின் கரிமக் கணிப்பு இதற்குக் கைகொடுக்கும் என்று நம்புகிறோம். பழனியருகே பொருந்தலில், ஈமக்குழியில் கிடைத்த நெல்மணிகளுக்குக் கி.மு. 490 என்று காலம் வந்தது. ஒரு மாதிரி போதாது என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவது மாதிரி கி.மு. 450 என்றது. இப்படித் திரும்பச் சோதித்தது பாராட்டத்தக்கது. ஆயினும் கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கரிம அளவுத்திருத்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அக்காலத்து மாதிரிக்கு ஒற்றை ஆண்டைச் சொல்வது, நூற்றாண்டுக் கணக்கில் விரியக்கூடிய வீச்சை மறைத்துவிடுகிறது. கீழடி அகழாய்வுக்குச் சொல்லப்படும் கி.மு. 580க்கும் இது பொருந்தும். ஆய்வக எண், திருத்தாத வயது, பிழை வரம்பு, முழு வீச்சு ஆகிய நான்கும் அச்சேறினால்தான், நாளை கோடு திருத்தப்படும்போது வேறொருவர் மீண்டும் கணக்கிட முடியும்.

நடுகற்களில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலைச் சொல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில் இன்றும் ஒரு கூடலூர் இருப்பதால், அதுவே இது என்று சொல்லும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மதுரைக்கும் கூடல் என்ற பெயர் உண்டு. கூடலூர்கள் தமிழ்நாட்டில் பல. பெயர் ஒற்றுமை சான்றாகாது. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம் வரை வயல் வயலாக மேற்பரப்பாய்வு நடத்தி, கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்த இடங்களோடு எதுவுமே கிடைக்காத இடங்களையும் வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும். அதன் பிறகே அந்த அடையாளத்தை ஏற்பதா மறுப்பதா என்ற வாதத்துக்குப் பொருள் உண்டு.