மூன்று மைலும் ஒரு புட்டியும்

சென்னை மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நம் கொம்யூன்களும் தென்னாற்காடு ஜில்லா கிராமங்களும் பின்னிக் கிடந்ததால், வரப்புக்கு இந்தப் பக்கம் சாராயக்கடை, அந்தப் பக்கம் குற்றம். நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதே கூத்து கால் நூற்றாண்டு முன்பே அட்லாண்டிக் கடலில் நடந்தது. அங்கே வரப்பு ஏது? கரையிலிருந்து மூன்று மைல் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 முதல் மதுவிலக்கு. 1922 அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் டாகர்ட்டி, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதில் மது கூடாது, அயல்நாட்டுக் கப்பலும் அமெரிக்கக் கடலெல்லைக்குள் மது கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். கப்பல் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கியூனார்ட் கம்பெனி வாதி, நிதியமைச்சர் மெல்லன் பிரதிவாதி. 1923 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: எல்லைக்கு வெளியே அமெரிக்கக் கப்பலை இந்தச் சட்டம் கட்டாது; உள்ளே வந்தால் எந்தக் கொடியானாலும் கட்டும், சரக்கைப் பூட்டி வைத்திருந்தாலும்கூட.

சிக்கல் எங்கே என்றால் திரும்பும் பயணத்தில். நியூயார்க்கில் மது ஏற்ற முடியாது. கிளம்பும்போதே இரண்டு வழிக்கும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அந்த ஜூன் மாதம் பால்டிக், பெரங்கேரியா என்ற பிரிட்டிஷ் கப்பல்கள், திரும்பும் பயணத்துக்கான சரக்குக்குத் தங்கள் நாட்டு அரசு முத்திரை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தன. அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் முத்திரையை உடைத்துச் சரக்கை எடுத்துப் போனார்கள். அரக்கு முத்திரையோடு காலம் தள்ளிய குமாஸ்தாவான எனக்கு, இன்னொரு சர்க்காரின் முத்திரையை உடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். லண்டனில் கோபம் வந்ததில் வியப்பில்லை. பிரெஞ்சுக் கப்பல்களுக்கோ இன்னும் தர்மசங்கடம்: அங்கே மாலுமிக்கும் அன்றாடம் ஒயின் உண்டு.

கடைசியில் பேரம் பேசித்தான் முடித்தார்கள். 1924 ஜனவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்தன. முத்திரை வைத்த மது துறைமுகத்துக்குள் வரலாம். அதற்கு ஈடாக, கள்ளச்சரக்கு ஏற்றியதாகச் சந்தேகப்படும் பிரிட்டிஷ் கப்பலை, கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத் தொலைவு வரை அமெரிக்கர் சோதனை போடலாம். அதே ஆண்டு பிரான்சும் இப்படியொரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. குடிக்க விரும்பிய அமெரிக்கன் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களைத் தேடிப் போனான். பிரெஞ்சு லைன் கப்பல்களில் சாப்பாட்டு மேசை ஒயினுக்குத் தனிக் காசு கிடையாது. எந்த ஊருக்கும் போகாமல், எல்லை தாண்டி நடுக்கடலில் சுற்றிக் குடித்துவிட்டு நியூயார்க்குக்கே திரும்பும் உல்லாசப் பயணங்களும் அந்த நாட்களில்தான் பிரபலமாயின. மதுவிலக்கு 1933 டிசம்பர் 5-ல் போயிற்று. உல்லாசக் கப்பல் நின்றுவிட்டது.

இப்போது அமெரிக்கப் பிள்ளைகள் பெற்றோரை அப்படிப்பட்ட கப்பலில் அழைத்துப் போகிறார்கள். சர்க்கார் தடுப்பதில்லை, கம்பெனி தடுக்கிறது. பாரில் விற்கும் காசை அது விடுமா? பெரிய கம்பெனிகள் பலவற்றில், ஏறும் நாளன்று வயதுவந்த ஆளுக்கு 750 மில்லி ஒயின் புட்டி ஒன்று கைப்பையில் கொண்டுபோகலாம். விஸ்கி, பிராந்தி கூடாது. வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியில் சாயம் கலந்த மதுவை ஊற்றிப் போகிறவர்களும் உண்டு. வழியில் துறைமுகத்தில் வாங்கும் புட்டியைக் கப்பல் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடியும் சமயத்தில்தான் திருப்பித் தருகிறார்கள். அனுமதித்த அந்த ஒயினையும் சாப்பாட்டு மேசையில் திறந்தால், பல கப்பல்களில் தக்கை திறக்கத் தனிக் கட்டணம்.